கைவினையும் காலனித்துவ வரலாறும்: காங்கேசன்துறைப் பகுதியை முன்வைத்து ஒரு நோக்கு

1

ஈழத்து வரலாற்றை இளஞ்சிறார்க்குக் கற்பிக்கும் நூல்களில் போர்த்துக்கேயர் காலமும் ஒல்லாந்தர் காலமும் பெரும்பாலும் ஆண்டுகளின் வரிசையாகவே அமைந்துவிடுகின்றன. 1505 இல் போர்த்துக்கேயர் வருகை, 1619 இல் யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சி, 1658 இல் கோட்டை ஒல்லாந்தர் வசமானமை, 1795 இல் அது பிரித்தானியரிடம் கைமாறியமை ஆகியவற்றை மனனஞ் செய்த மாணவன் அக்காலப்பகுதியை அறிந்தவனாகக் கொள்ளப்படுகிறான். கோட்டையை யார் கட்டினர் என வினவின், ஒல்லாந்தர் கட்டினர் என்று தயக்கமின்றி விடையிறுப்பான். கல்லைக் கிண்டியவன், சுமந்தவன், சுண்ணாம்பு சுட்டவன் ஆகியோர் அவ்விடையில் இல்லை. விடை பிழையென்றும் கூறிவிட முடியாது; பரீட்சையில் அதற்கு முழுப்புள்ளி கிடைக்கும். ஆளும் வர்க்கத்தினர் தம் பெயரால் வழங்கும் வரலாறு, குழந்தையின் நாவில் இலக்கண வழுவின்றி அமர்ந்துவிடுகிறது என்பதே ஈண்டு மனங்கொளத்தக்கது.

அண்மைக் காலத்தில் இதற்கு மாற்றாக ஒரு போக்கு வளர்ந்து வருகிறது. பிள்ளைகளுக்குப் பெற்றோர் வீட்டிலேயே கல்வி புகட்டும் முறை ஐக்கிய அமெரிக்காவில் 1993 அளவில் எல்லா மாநிலங்களிலும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. அவ்வாறு கற்பிப்போர் தொடக்கக் காலனித்துவ வரலாற்றைக் கைவேலை வாயிலாகக் கற்பிக்க விரும்புகின்றனர். மெழுகுதிரி வார்த்தல், இறகுப் பேனா சீவுதல், ஒட்டுத்துணி தைத்தல் முதலியன அங்குப் பாடமாகின்றன. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை பள்ளிக்கல்வி கட்டாயமாகும். ஆயினும் மாலைப் பொழுதிலும் விடுமுறைக் காலத்திலும் வீட்டு முற்றத்தில் நிகழும் கற்பித்தலுக்கு இடமில்லாமற் போகவில்லை. புலம்பெயர்ந்து வாழும் தமிழர் வீடுகளிலோ, ஊரின் வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்வதற்குப் பெற்றோரையன்றி வேறு ஆசிரியர் பெரும்பாலும் இல்லை.

இம்முறையை நாம் வரவேற்கிறோம். ஆனால் கையினால் கற்பது எதனை என்னும் வினாவை எழுப்பாது வரவேற்பதற்கில்லை. வடபுலக் கரையோரத்தில், சிறப்பாகக் காங்கேசன்துறை, கீரிமலை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை ஆகிய ஊர்கள் அடங்கிய பகுதியில், இவ்வினாவைக் கொஞ்சம் விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கைவேலையை வரலாற்றுக் கல்வியின் வாயிலாகக் கொள்ளும் கருத்து புதியதன்று. 1896 இல் சிக்காகோவில் ஜோன் டூயி தொடங்கிய சோதனைப் பள்ளியில் சிறுவர் கம்பளியையும் பருத்தியையும் தம் கையாற் பிரித்து நூற்றனர். 1899 இல் வெளிவந்த ‘பள்ளியும் சமூகமும்’ என்ற நூலில் அவர் இதனை விவரிக்கிறார். பஞ்சிலிருந்து விதையை நீக்க முயன்ற சிறுவர் குழுவொன்று அரைமணி நேரம் உழைத்தும் ஓர் அவுன்சுக்குக் குறைவாகவே பஞ்சு பெற்றது. தம் முன்னோர் பருத்தியை விடுத்துக் கம்பளியை உடுத்த காரணத்தை அவர்கள் அதிலிருந்து உய்த்துணர்ந்தனர். சிறந்த பாடமே. ஒரு பொருளின் பின்னால் எத்துணை நேர உழைப்பு உறைந்துள்ளது என்பதை விரல்நுனி அறிந்துவிடுகிறது. மதிப்பு என்பது உறைந்த உழைப்பு நேரமே என்னும் உண்மையை இதைவிட எளிதாகக் குழந்தைக்கு விளக்க இயலாது.

ஆனால் அவ்வரைமணி நேரத்திலிருந்து செல்லக்கூடிய வழி இன்னொன்று உண்டு. 1793 இல் விதைநீக்கும் பொறி வந்தபின் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி பெருகியது. பருத்தியோடு அடிமை முறையும் பெருகியது. பஞ்சைப் பிரித்த சிறுவனிடம், ‘நாள் முழுவதும் இதனைச் செய்யும்படி யாரை யார் பணிக்க முடிந்தது?’ எனக் கேட்டிருப்பின் பாடம் வேறொரு திசையிற் சென்றிருக்கும்.

இதே குறை வேறிடத்தில் பேருருக் கொண்டதை வேர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பேர்க் நகரிற் காணலாம். 1926 முதல் ரொக்பெல்லர் குடும்பத்துச் செல்வத்தைக் கொண்டு 18ஆம் நூற்றாண்டுக் காலனித்துவ நகராக அது புதுக்கியமைக்கப்பட்டது. கொல்லர், தச்சர், மெழுகுதிரி வார்ப்போர் ஆகியோரின் பட்டறைகளிற் கைவினை செய்து காட்டப்பட்டது. பிள்ளைகள் கூட்டங் கூட்டமாகச் சென்று கண்டனர். அந்நகரில் அக்காலத்து வாழ்ந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பின மக்கள். அவருள் மிகப் பெரும்பாலோர் அடிமைகள். ஆயின் அவர்தம் வாழ்க்கையை முறையாக எடுத்துக்காட்டும் பணி 1979 இலேயே தொடங்கியது. 1994 இல் அடிமை ஏலமொன்று நடித்துக் காட்டப்பட்டபோது எதிர்ப்பும் எழுந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சம்மட்டியும் உளியும் உண்மையாக இருந்தன. அவற்றைப் பிடித்த கையின் நிலைமை மட்டும் மறைந்திருந்தது. கைவினைப் பொருளின் அழகு, உற்பத்தி உறவை மூடும் திரையாகவும் ஆகக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உழைப்பையும் கல்வியையும் இணைப்பது பற்றி ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) மார்க்ஸ் எழுதியபோது, றொபேட் ஓவனின் தொழிற்சாலைப் பள்ளியை எதிர்காலக் கல்வியின் வித்தாகக் கண்டார். அவர் வேண்டியது பழைய கைத்தொழிலுக்குத் திரும்புதலன்று. ஒருவனை ஆயுள் முழுவதும் ஒரே தொழிலிற் கட்டிவைக்கும் பிரிவினையை உடைத்தல். யாழ்ப்பாணச் சமூகத்தைப் பற்றிப் பேசுகையில் இவ்வேறுபாடு மிக முக்கியமானதாகும்.

3

ஏனெனில் யாழ்ப்பாணத்தில் வீடு என்பது நெடுங்காலமாகவே பள்ளியாக இருந்து வந்துள்ளது. ஆனால் அது ஒரே பள்ளியன்று, இரண்டு பள்ளி. ஒரு வீட்டின் திண்ணையில் பிள்ளை மணலில் விரலால் ‘அரி ஓம்’ எழுதித் தொடங்கி, ஏட்டுக்கும் நிகண்டுக்கும் சென்றது. இன்னொரு வீட்டில் பிள்ளை தந்தையின் அருகிருந்து தறியையோ சக்கரத்தையோ வலையையோ பழகியது. முதலாவதைக் கல்வி என்றோம். இரண்டாவதைக் குலத்தொழில் என்றோம். கை செய்வதும் எழுத்து அறிவதும் வெவ்வேறு வீடுகளுக்கு உரியனவாகப் பங்கிடப்பட்டமையே யாழ்ப்பாணத்து நிலமானிய அமைப்பின் கருத்துநிலை அடித்தளங்களுள் ஒன்றாகும்.

இந்த இரு பள்ளிகளுக்கும் மேலே ஒல்லாந்தர் மூன்றாவதொன்றை நிறுவினர். போர்த்துக்கேயர் எழுப்பிய தேவாலயங்களைத் தமதாக்கி, கோயிற்பற்றுத்தோறும் பள்ளிக்கூடம் வைத்தனர். தெல்லிப்பழையும் மயிலிட்டியும் அத்தகைய கோயிற்பற்றுகளே. பிள்ளையை அனுப்பாத பெற்றோர் தண்டம் இறுக்க வேண்டியிருந்தது. பள்ளித்தோம்பு என்னும் ஏட்டில் பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்டன. தோம்பிற் பெயர் இருப்பதே சட்டப்படியான இருப்பாயிற்று. ஆட்களையும் காணிகளையும் எண்ணிப் பதிந்த ஏனைத் தோம்புகளோடு சேர்த்து நோக்கின், பள்ளிக்கூடம் அக்காலத்தில் அறிவூட்டும் நிலையமாக மட்டுமன்றி வரிக்கும் ஊழியத்துக்கும் உரிய கணக்கெடுப்பு நிலையமாகவும் இயங்கியமை புலனாகும்.

வெளியே ஒரு பாடமும் வீட்டினுள்ளே வேறொரு பாடமுமாகப் பிள்ளைகள் வளர்ந்தனர். விரத நாளில் உணவுண்ட வாழையிலையை வெளியே எறியாது கூரையிற் செருகி மறைத்தனர் என்று யாழ்ப்பாணத்தில் வழங்கும் செவிவழிச் செய்தி யாவரும் அறிந்தது. அதனை ஆவணச் சான்றாக நாம் கொள்ளவில்லை. ஆனால் அடக்குமுறையின் நினைவு ஒரு கைச்செயலின் வடிவில், இலையை மடித்துக் கூரையிற் செருகும் செயலின் வடிவில், வீட்டுக்குள் கடத்தப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. சைவ மரபினர் இதனைச் சமய உறுதியின் சான்றாக மட்டுமே எடுத்துரைப்பர். ஆட்சியாளருக்கு மக்கள் காட்டிய சாதாரணமான, பெயரற்ற எதிர்ப்பின் வடிவமாகவும் இதனைக் காணல் தகும்.

4

எழுத்தும் கைவினையும் உண்மையிற் பிரிந்தவையல்ல என்பதற்கு ஓலையே சான்று. ஓர் ஏட்டை ஆக்கும் வேலையைப் பிள்ளைகள் செய்து பார்ப்பது கடினமன்று. மிக இளையதுமன்றி முற்றியதுமன்றி நடுப்பருவத்துப் பனையோலையைத் தேர்ந்து, ஈர்க்கை நீக்கி, நீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, சங்கு அல்லது வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றி, அளவாக நறுக்கித் துளையிட வேண்டும். எழுத்தாணியால் எழுதியபின் இலைச்சாற்றோடு விளக்குக்கரி கலந்து பூசித் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். மையாடல் என்று முன்னோர் கூறியது இதனையே. எழுத்தாணியை அசைக்காது ஓலையை நகர்த்தி எழுதும் பழக்கத்தைப் பிள்ளை ஒரு நாழிகையில் அறிந்துகொள்ளும். கைவருவதற்கு மாதங்கள் செல்லும். பழைய ஏடுகளிற் புள்ளி ஏன் பெரும்பாலும் இடப்படவில்லை என்பதும், ஓலையில் அழுத்திக் குத்தினால் துளை விழும் என்பதைக் கண்டதும் தானாகவே விளங்கிவிடும். பதிப்பாசிரியர் பட்ட பாட்டையும் அதனால் ஓரளவு உணரலாம்.

இவ்வளவில் நிறுத்தினால் இனிய பொழுதுபோக்கு ஒன்று முடிந்தது எனலாம். நாம் நிறுத்த விரும்பாத இடம் இதற்கு முந்தியது: ஓலை மரத்தில் இருந்து எவ்வாறு இறங்கியது?

பனையில் ஏறி ஓலை வெட்டியவன் திண்ணையில் ஏற முடியாதவனாக இருந்தான். அவனது ஏற்றமின்றி ஏடு இல்லை. ஏட்டில் அவனுக்கு இடமும் இல்லை. ஒல்லாந்த ஆள்பதி கொர்னேலிஸ் ஜோவான் சிமொன்ஸ் பணித்தபடி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாண வழமைகளைத் தொகுத்து 1707 இல் அளித்தார். யான் பிறுஸ் தமிழாக்க, பன்னிரு முதலியார் அதனைப் பார்த்து ஒப்பினர். தேசவழமை எனப்படும் அத்தொகுப்பில் அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என அடிமைகளின் பிரிவுகள் அதில் எழுத்தேறின. நாட்டில் வழங்கிய வழக்கத்தையே தாம் எழுதியதாக ஒல்லாந்தர் கூறிக்கொண்டனர். எனினும் யாரிடம் கேட்டு எழுதினர் என்பதைப் பன்னிருவரின் பதவிப்பெயரே உணர்த்துகிறது. நிலவுடைமையாளரின் வழக்கம் காலனித்துவ அரசின் சட்டமாயிற்று. 1806 இல் பிரித்தானியர் அதற்கு மேலும் வலுவளித்தனர். அடிமைமுறை இலங்கையில் 1844 இலேயே சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. காலனித்துவம் யாழ்ப்பாணத்துச் சாதியமைப்பைப் படைத்தது எனக் கூறுவது மிகையாகும். அதனைத் தன் கணக்கேட்டுக்கு ஏற்ப இறுக்கிக் கட்டியது எனல் பொருந்தும்.

எனவே பனையோலைப் பாடத்தின் முதற்கட்டம் அவித்தலும் மெருகிடலும் அன்று. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தலே. அங்கிருந்து திண்ணை வரை அந்த ஓலை எத்தனை கைகளைக் கடந்தது என்று பிள்ளை எண்ணட்டும்.

5

ஒல்லாந்தர் காலப் பொருளாதாரத்தைக் கைவழியே கற்பிக்க மிகப் பொருத்தமான பொருள் சாயவேர் என்பது நமது கருத்து. யானையேற்றுமதி பாடநூல்களில் பெரிதாகப் பேசப்படுகிறது. வன்னியிற் பிடித்த யானைகள் ஊர்காவற்றுறையிற் கப்பலேறியமை கண்ணைக் கவரும் காட்சியே. ஆனால் யானையைப் பிள்ளை தன் கையிலெடுத்து எடைபோட முடியாது. சாயவேரை முடியும்.

இம்பூறல் என வைத்தியர் வழங்கும் சிறு பூண்டின் வேரே சாயவேர். குடாநாட்டின் மணற்பாங்கான கரையோரங்களிலும் தீவுகளிலும் மன்னார்ப் பகுதியிலும் அது தானே முளைப்பது. மெல்லிய நீண்ட வேரின் தோலிலேதான் சிவப்பு உள்ளது. துணியைக் கடுக்காயும் பாலும் சேர்ந்த நீரில் முதலில் நனைத்து உலர்த்துவர்; படிகாரம் ஏற்றுவர்; பின்னர் வேரிட்ட நீரிற் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடத்திலேயே நிறம் பிடித்து நிற்கும். ஏனைய இடத்தில் வெளுப்பிற் போய்விடும். சோழமண்டலக் கரையின் பூத்தொழில் துணிகள் ஐரோப்பாவையும் கீழைத்தீவுகளையும் கவர்ந்தமைக்கு இச்சிவப்பும் ஒரு காரணம். தூரகிழக்குத் தீவுகளில் வாசனைத் திரவியம் வாங்குவதற்குக் கும்பனி கொண்டுசென்ற மாற்றுப்பண்டம் இந்தியத் துணியே. ஆகவே வடகரை மணலில் ஒருவன் கிண்டிய வேருக்கும் அம்ஸ்ரடாமில் விற்ற சாதிக்காய்க்கும் இடையே ஒரு சங்கிலி இருந்தது. உலக முதலாளித்துவத்தின் தொடக்க மூலதனத் திரட்சியில் நமது ஊர் எவ்வாறு பிணைக்கப்பட்டது என்பதைக் காட்ட இதனினும் நல்ல பொருள் வேறில்லை.

கும்பனி சாயவேரைத் தன் ஏகபோக உரிமையாக்கியது. வேர் கிண்டுதல் குறித்த சாதியினரின் கடமையாக வகுக்கப்பட்டது. கிண்டிய வேரைக் கும்பனிக்கே கொடுத்தல் வேண்டும். 1694 முதல் 1697 வரை யாழ்ப்பாணத்துக் கொமாண்டராக இருந்த ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் தம் பின்வந்தோர்க்கு எழுதிவைத்த நினைவுக்குறிப்பில் யானை, பனைமரம், சுண்ணாம்பு, ஊழியம் ஆகியவற்றோடு சாயவேரும் நிருவாக விடயமாகவே இடம்பெறுகிறது. வேர் கிண்டுவோர் அவ்வகை ஆவணங்களில் மனிதராகத் தோன்றுவது அவர்கள் வராமல் விடும்போதே. குறைந்த வேர், குறைந்த ஆட்கள், அதற்கான காரணம் என அதிகாரி கவலைப்படுமிடத்திலேயே உழைப்பாளியின் நிழல் தெரிகிறது. நெசவாளரும் சாயக்காரரும் தென்னிந்தியாவிலிருந்து வருவிக்கப்பட்டனர். நெய்த துணிக்கு முத்திரையிட்டு வரி அறவிடப்பட்டது.

இனிப் பாடத்துக்கு வருவோம். சாயமிட்ட கைக்குட்டையோடு பிள்ளை வீடு திரும்புவது நமது குறிக்கோளன்று. ஒரு மணிநேரம் வெயிலில் வேர் கிண்டட்டும். மண்ணை உதறி, கழுவி, உலர்த்தி, தராசில் இடட்டும். கிடைத்த எடை எவ்வளவு சிறிது என்பதைக் கண்டபின், ஒரு முழத் துணிக்கு எத்தனை மணிநேரம் வேண்டுமெனக் கணக்கிடட்டும். டூயியின் மாணவர் வந்து நின்ற இடம் இதுவே. அங்கே நில்லாது அடுத்த வினாவுக்குச் செல்க: இவ்வேலையை வேண்டாமென்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு, கிண்டியவனுக்கு இருந்ததா? அவன் வராவிடில் என்ன நேர்ந்தது? வேர் கிண்டுவதே உனது பிறப்புரிமை எனச் சொல்லும் ஏடு யாரிடம் இருந்தது? பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வினாக்கள் கடினமானவையல்ல. நியாயமின்மையைப் பிள்ளைகள் நம்மினும் விரைவில் உணர்வர்.

இக்கதையின் முடிவும் கற்பிக்கத்தக்கது. சாயவேரின் சிவப்புக்குக் காரணமான அலிசரின் என்னும் பொருளை 1868 இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் கிறேபேயும் லீபர்மனும் செயற்கையாக ஆக்கினர். சில ஆண்டுகளில் அது சந்தைக்கு வந்தது; வேரின் விலை வீழ்ந்தது. வேர் கிண்டும் கட்டாயத்தினின்றும் மக்களை விடுவிக்க ஆட்சியாளரின் அறம் செய்யாததை ஆய்வுகூடம் செய்தது. ஆனால் அவர்களுக்கு வேறு தொழிலோ நிலமோ அது அளிக்கவில்லை. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி தானாகவே விடுதலையைத் தந்துவிடும் என எண்ணும் நம்மவர் சிலரும் இதனைக் கருதிப் பார்க்கலாம்.

6

காங்கேசன்துறைக்கு மிக நெருங்கியது கல்லே. காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறையாதலின் காங்கேசன்துறை என்னும் பெயர் ஏற்பட்டது என மாவிட்டபுரத் தலமரபு கூறும். நிலவியல் கூறுவது வேறு: இப்பகுதி முழுவதும் கடலுயிர்களால் ஆக்கப்பட்ட சுண்ணக்கற் படுகை. சிறுவன் ஒரு கல்லை உடைத்தால் சிப்பியின் தடம் தெரியும். இக்கல்லும் கரையோர முருகைக்கல்லுமே வீட்டுக்கும் மதிலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் கோட்டைக்கும் உதவின. 1621 இல் பிலிப் தெ ஒலிவேரா நல்லூர்க் கோயிலை இடிப்பித்தான்; அதன் கற்கள் கோட்டைக்குச் சென்றன என்பது மரபு. ஒல்லாந்தர் ஐங்கோணமாக அமைத்த கோட்டையின் வெளி அரண் வேலை 1792 இலேயே முடிவுற்றது. முடிந்து மூன்றாண்டில் அதனைப் பிரித்தானியரிடம் கையளித்தனர் என்பது வரலாற்றின் எள்ளலன்றி வேறென்ன?

கல்லைப் பெயர்க்கும் இரும்புக் கருவியை நாம் அலவாங்கு என்கிறோம். இது போர்த்துக்கேயச் சொல். கதிரை, மேசை, அலுமாரி, துவாய், சப்பாத்து முதலிய சொற்களும் அவ்வழி வந்தனவே. கந்தோர், லாச்சி என்பன ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. சொற்பட்டியல் தயாரிப்பதில் நமது மொழியறிஞர் காட்டிய ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆயின் கதிரையில் அமர்ந்தவனும் அலவாங்கு பிடித்தவனும் ஒருவனல்லன் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. வீட்டிலுள்ள பொருள்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி விளையாடும் பிள்ளையிடம், இவற்றுள் எவை அக்காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்திருக்கும் எனக் கேட்டல் நன்று. கதிரையும் அலுமாரியும் விரைவாகவே கழிந்துவிடும்.

சுண்ணாம்பு சுடுதலையும் காட்டலாம். கல்லையும் விறகையும் அடுக்கி எரித்து, வெந்த கல்லை நீரிட்டு நீற்றும்போது எழும் கொதியைக் கண்டால், சூளையில் நின்றவனின் கைகால்கள் எந்நிலையில் இருந்திருக்கும் என்பது புரியும். (இதனைப் பெரியவர் செய்து காட்டப் பிள்ளைகள் எட்ட நின்று காணவேண்டும், சுண்ணாம்பு கண்ணைப் போக்கிவிடும்.)

இதே கல்லை நம்பி 1950 இற் சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. பழைய சாதித் தொழிற்பிரிவினைக்கு வெளியே கூலித் தொழிலாளர் கூட்டமொன்று காங்கேசன்துறையில் உருவாக அது வழிசெய்தது. 1990 இற் போர் அதனை நிறுத்தியது. அவ்வாண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் நிலம் பல்லாண்டு மூடப்பட்டு, பின்னர் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டது. முகாம்களிற் பிறந்த பிள்ளைகள் தம் ஊரைத் தாத்தாவின் வாய்ச்சொல்லாலேயே அறிந்தனர். மீண்டு வந்தபோது வீடிருந்த இடத்தில் அத்திவாரக் கல்லே எஞ்சியிருந்த குடும்பங்கள் பல. அக்கல் எந்நூற்றாண்டுக்குரியது எனக் கேட்கும் பிள்ளைக்கு விடைசொல்வதற்காவது வீட்டில் வரலாறு கற்பிக்கப்பட வேண்டும்.

பெண்பிள்ளைகளின் கைவேலை தனியாக ஆராயத்தக்கது. றேந்தை என்னும் சொல்லே போர்த்துக்கேயத்திலிருந்து வந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் தெல்லிப்பழையில் பழைய தேவாலயக் கட்டடத்தைப் பொறுப்பேற்றனர். 1824 இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப்பள்ளியைத் தொடங்கியபோது எழுத்தோடு தையலையும் கற்பித்தனர். எழுத்தும் கையும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்த அரிய இடம் அது. ஆனால் அத்தையல் நல்ல மனைவிக்குரிய அணியாகவே கருதப்பட்டது.

7

கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவரும் முயற்சி நம் நாட்டில் அரச மட்டத்திலும் நிகழ்ந்தது. 1937 இல் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி இந்தியாவில் நூற்பையும் நெசவையும் பாடத்தின் நடுவில் வைத்தது. இலங்கையில் 1971 கிளர்ச்சியின் பின்னர், 1972 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தியது. அதே சீர்திருத்தம் வரலாற்றைத் தனிப்பாடமாக விடாது சமூகக்கல்விக்குள் அடக்கியது. கை உள்ளே வந்த வேளையில் வரலாறு வெளியே சென்றது. இரண்டும் ஒரே மேசையிற் சந்தித்திருந்தால் என்ன விளைந்திருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் தொழில்முன்னிலைப் பாடங்கள் கைவிடப்பட்டன.

அவற்றைப் பெற்றோர் விரும்பவில்லை. உத்தியோகக் கனவில் ஊறிய நடுத்தர வர்க்கத்தின் வெறுப்பு என அதனை ஒதுக்குவது எளிது, பெருமளவு உண்மையுங்கூட. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களிடையே எழக்கூடிய தயக்கம் வேறுவகையானது, மதிக்கத்தக்கது. தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழிலாற் கட்டப்பட்டவன், தன் பிள்ளை பள்ளிக்குச் செல்வது அக்கட்டை அறுப்பதற்கே எனக் கருதினான். அப்பள்ளிக்குள் நுழைவதற்கே அவன் போராட வேண்டியிருந்தது. சம ஆசனம் கோரப்பட்ட 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் தீயிடப்பட்டன. காங்கேசன்துறைக்கு அண்மையில், மாவிட்டபுரக் கோயில் வாயிலில், 1968 இல் நிகழ்ந்த ஆலயப்பிரவேசப் போராட்டம் இன்னும் பலரின் நினைவில் உள்ளது. அத்தகைய ஊரில், பனையோலை இழைக்கவும் பானை வனையவும் கற்பிப்பது நமது பண்பாட்டைக் காக்கும் என மேடையிற் பேசுவோர், பண்பாடு எனத் தாம் சொல்வது யாருடைய கைக்குக் கிடைத்த தண்டனை என்பதையும் சொல்லிவிட்டுப் பேசுவது நேர்மையாகும்.

ஆகவே ஒரு நெறியை வற்புறுத்த விரும்புகிறோம். எக்கைவேலையும் அதனைப் பரம்பரையாகச் செய்த வீட்டுப் பிள்ளைக்குரியதாக ஒதுக்கப்படலாகாது. அதனைத் தொடாதிருந்த வீட்டுப் பிள்ளையே முதலிற் செய்யட்டும். குயவர் வீட்டுப் பிள்ளையை அழைத்துச் சக்கரத்தின் முன் அமர்த்தி மற்றையோர் கண்டுகளிப்பது பாடமன்று, காட்சிச்சாலை. தோம்பின் பக்கம் ஒன்றை மாதிரியாக ஆக்கும்போது பிள்ளைகளின் உண்மைச் சாதியை எழுதுவிப்பதும் கூடாது. சீட்டிழுத்துப் பெயரும் ஊழியமும் கொடுக்கலாம். சீட்டில் விழுந்தது வேண்டாமென்று பிள்ளை அழுதால், அந்த அழுகையைத் தேற்றுவதற்கு முன், பாடத்தின் நடுப்பகுதிக்கு நாம் வந்துவிட்டோம் என்பதை ஆசிரியர் உணர்தல் வேண்டும்.

நடைமுறைத் தடை ஒன்று எஞ்சியுள்ளது. சாயவேர்ப் பூண்டு இன்று எல்லா இடத்திலும் எளிதிற் கிடைப்பதன்று. வெளிநாடுகளில் உள்ளோர்க்கு அறவே கிடையாது. நிறம் காட்டுவதற்கு நாட்டுமருந்துக் கடையில் விற்கும் மஞ்சிட்டி வேரைக் கொள்ளலாம். படிகாரத்தோடு சேர்ந்து அதுவும் சிவப்பே தரும். ஆனால் கடையில் வாங்கிய வேரோடு வேலையைத் தொடங்கலாகாது. முற்றத்துக் கோரைப்புல்லையோ வேறு எப்புல்லையோ ஒரு மணிநேரம் கிண்டி, வேரைப் பிரித்து, உலர்த்தி நிறுத்தபின், அதே எடை மஞ்சிட்டியை மட்டும் பிள்ளைக்கு அளந்து கொடுத்தல் வேண்டும். அவ்வளவு வேர் எவ்வளவு துணியை நனைக்கும் என்பதைப் பிள்ளையே காணட்டும்.